குழாயில் வைத்த மோட்டார்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய தெருவொன்றில், மொட்டைமாடியில் நிழல்வலை கட்டி பிகோனியா வளர்த்தேன். அந்தச் செடிகளுக்காகத் தெருவின் குடிதண்ணீரைத் திருடினேன். மாட்டிக்கொள்ளும் நேரம் வந்ததும் பக்கத்து வீட்டைக் கைகாட்டினேன். அவர்கள் ஒரு சொட்டும் திருடவில்லை.

திருவண்ணாமலையைத் தெரிந்தவர்களுக்கு என் ஆசை எத்தனை வீம்பானது என்று புரியும். இது அக்னித் தலம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகலில் வாங்கிய சூட்டைப் பாறை மலை ராத்திரி ஊருக்குள் விடும். நான் வளர்த்ததோ ரெக்ஸ் பிகோனியா. பூவுக்காக அல்ல, இலைக்காக வளர்ப்பது. வெள்ளியும் கத்தரிப்பூ நிறமும் கலந்த இலை; நடு நரம்புக்கு ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்திருக்கும். அஸ்ஸாம் பக்கத்து ஈரக் காடுகளிலிருந்து 1850-களில் ஐரோப்பாவுக்குப் போன இனம். 25 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கும். ஏற்காட்டில் வாங்கும்போதே நர்சரிக்காரர் சொன்னார்: “கீழ கொண்டுபோனா தங்காது சார்.” அவர் சொன்னது சரி. ஆனால் எனக்கு அது சவாலாகக் கேட்டது.

தங்கவைத்தேன். தென்னை நார்க்கழிவில் மணல் கலந்து நட்டேன். முற்றிய இலையைப் பறித்து, அடிப்புறத்து நரம்புகளை பிளேடால் கீறி, ஈர மணலில் படுக்கப் போட்டால் கீறிய இடங்களில் குட்டிச் செடிகள் முளைக்கும். ஓர் இலையில் ஒரு குடும்பம். அதைப் பார்க்கிற சந்தோஷம் பொய்யல்ல. அதை மட்டும் இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஊரிலுள்ள ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெளியூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள் யாராவது பழக்கமானால் மாடிக்கு அழைத்துப் போவேன். “திருவண்ணாமலையிலா இது!” என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் எல்லாம்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். தெளித்தால் இலைமேல் வெள்ளைத் திட்டு விழும். சாத்தனூர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் செடிகளுக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் அது விடுகிற நாளில், விடுகிற நேரத்துக்குத்தான் வரும். கோடையில் நூலாக வரும். ஆகவே குழாயில் அரை ஹெச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சினேன். விடியற்காலை, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் மேலே கோணியைப் போட்டு மூடி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிகோனியாவுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையே இல்லை. மேல்மண் காய்ந்த பிறகு ஒரு தம்ளர் போதும். மிஞ்சினால் வேர் அழுகும். நான் உறிஞ்சியதில் பெரும்பகுதி மாடித் தரையில் போயிற்று. தரை நனைந்து ஆவி கிளம்பினால் வலைக்குள் சூடு தணியும். குடிக்கிற தண்ணீரைத் தரையில் கொட்டினேன்.

தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மா ஒருநாள் வாசலில் நின்று, “குழாயைத் தொறந்தா காத்துதான் வருது சார். உங்களுக்கு வருதுங்களா?” என்று கேட்டார். “எனக்கும் அப்படித்தாம்மா” என்றேன். என் வேட்டியின் ஓரம் அப்போது நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தாரா, தெரியவில்லை. மாவுக்கும் குடிக்கவும் அவர் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தார். இட்லி விற்கிற காசில் கேன் தண்ணீர்.

பிறகு யாரோ புகார் கொடுத்தார்கள். மோட்டார் வைப்பவர்களைத் தேடி ஆட்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் மோட்டாரைக் கழற்றி, கோணியில் சுற்றி, பிகோனியாத் தொட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன். கை நடுங்கியது. அபராதத்துக்குப் பயமில்லை, கட்டியிருப்பேன். ‘சார் வீட்லயா?’ என்று தெரு பேசுமே, அதற்குத்தான் பயம். வாசலில் நின்று அவர்கள், “யார் வீட்ல சார் ஓடுது?” என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் யாரையும் அடித்திருக்காது. நான் பக்கத்து வீட்டை முகத்தால் காட்டி, “காலைல அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேக்கும்” என்றேன். ஆட்டோ ஓட்டுபவர் வீடு. அங்கே பழைய மோட்டார் ஒன்று கிடந்தது, எரிந்துபோனது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

இணைப்பைத் துண்டித்தார்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மோட்டார் கண்ணெதிரே கிடக்கும்போது யார் நம்புவார்கள்? அவருடைய மகளுக்கு அது பிளஸ் டூ பரீட்சை சமயம். அந்தப் பெண் விடியற்காலையில் இரண்டு தெரு தள்ளிக் குடம் சுமந்ததை மாடியிலிருந்து பார்த்தேன். தொட்டிகளுக்கு நடுவில் நின்றபடி பார்த்தேன். இறங்கி வரவில்லை.

தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். என் வீட்டிலும் அதற்காகத் தோண்டிய குழி உண்டு. கணக்குக் காட்டத் தோண்டியது. அதில் தேங்காய் மட்டை கிடந்தது. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மாடியில் விழுவதை ஒரு தொட்டியில் பிடித்திருந்தால் என் செடிகளுக்குத் தாராளம். மழைத் தண்ணீரில் உப்பும் இல்லை. இப்போது பிடிக்கிறேன். மோட்டாரை விற்றுவிட்டேன். செடிகளில் பாதியைக் கொடுத்துவிட்டேன். இதெல்லாம் பரிகாரம் என்று சொல்ல வரவில்லை.

ஆட்டோக்காரரிடம் அடுத்த ஐப்பசியில்தான் வாய் திறந்தேன், அவர் இணைப்பைத் திரும்ப வாங்கி வெகுநாள் ஆன பிறகு. அவர் கட்டிய பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். “எனக்கு அப்பவே தெரியும் சார். எவன் நம்புவான்னு விட்டுட்டேன்” என்றார். இட்லிக் கடை அம்மாவிடமும் சொன்னேன். அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார், அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை. அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் இன்றும் என்னைப் பார்த்தால் “நல்லாருக்கீங்களா அங்கிள்” என்கிறாள். நானும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.