மூலையில் இருக்கும் 592

கூட்டு நிகழ்தகவு பாடம் வந்தால் கரும்பலகையில் நான் போடுவது ஒரே அட்டவணைதான். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழக மாணவர்கள் 592 பேரின் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் கணக்கெடுத்தது. ஸ்னீ என்பவர் 1974-இல் வெளியிட்டார். முடிக்கு நாலு நிறம், கண்ணுக்கு நாலு நிறம், ஆகப் பதினாறு கட்டங்கள். இதே கணக்கெடுப்பை நம் வகுப்பில் நடத்தினால் எல்லாரும் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அதனால்தான் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

பொன்னிற முடி, நீலக் கண் இரண்டும் உள்ளவர்கள் 94 பேர். குலுக்கல் முறையில் ஒருவரை எடுத்தால் அவர் இந்தக் கட்டத்துக்காரராக இருக்க நிகழ்தகவு என்ன? 94-ஐ வலது கீழ் மூலையில் இருக்கும் 592-ஆல் வகுக்க வேண்டும், 0.159. வேலை அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகளின் கண் மூலை வரை போவதில்லை. அதே வரிசையின் ஓரத்தில் பொன்னிற முடிக்காரர்களின் மொத்தம் 127 என்று இருக்கிறதே, அதில் நின்றுவிடும். 94/127 என்றால் 0.74. சிலர் கீழே இறங்கி, நீலக் கண்காரர்கள் 215 பேரால் வகுத்து 0.44 என்பார்கள். கணக்கு எதுவும் தப்பில்லை. கேட்ட கேள்விதான் வேறு. பொன்னிற முடிக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீலக் கண் என்று எழுதினாலும், மாணவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு இரண்டும் உண்டு என்று எழுதினாலும் ஆட்கள் அதே 94 பேர்தான். எதை எழுதினால் பரபரப்பாக இருக்கும் என்பது பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓரத்து எண்களுக்கும் வேலை உண்டு. முடிக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் 127/592, 215/592 இரண்டையும் பெருக்கினாலே கூட்டு நிகழ்தகவு கிடைத்துவிடும்: 0.078, அதாவது 46 பேர். இருப்பதோ 94, இரண்டு மடங்கு! இரண்டுக்கும் நிறம் கொடுப்பது மெலனின் என்பதால் இதில் ஆச்சரியமில்லை.

ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இந்த அட்டவணை ஆண், பெண் என்று பிரிந்தே வருகிறது. அந்தப் பிரிவு ஸ்னீ வெளியிட்டதில் கிடையாது; பாடம் நடத்த வசதியாக ஃபிரெண்ட்லி என்பவர் 1992-இல் சேர்த்தது. வகுத்தால் அதிலும் அழகாக விடை வரும். நான் அதைப் பலகையில் போடுவதில்லை.