சிவப்புப் பேனா தாண்டிப்போன வரி

எங்கள் லேபில் ஒரு மென்பொருள் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கம்பியூட்டர் பழசு என்று நாங்கள் விட்டுவிட்டோம். உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை விடவில்லை. லினக்ஸிலுள்ள ஸ்ட்ரேஸ் மூலம், அந்த மென்பொருள் இயங்குதளத்திடம் கேட்கும் ஒவ்வொரு அழைப்பையும் அதற்குச் சென்ற நேரத்தையும் பதிவெடுத்து, எது தாமதம் என்று கூட்டிப்பார்க்கப் பைதனில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தந்தார்.

இஷாவுக்குப் பிறகு திருத்த உட்கார்ந்தேன். மாறிகளுக்கு ஏ, பி என்று பெயர். சில வரிகள் 140 எழுத்துத் தாண்டின. பைதனின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 சொல்வது 79. சிவப்பால் நிரப்பிக் கொடுத்தேன். மனதுக்குத் திருப்தி வேறு!

மறுநாள் வந்தார். "சேர், எல்லாம் திருத்திட்டேன். ஆனா மொத்தம் 3 செக்கன்தான் வருது. மிச்ச ரெண்டு நிமிஷம் எங்க சேர்?"

அப்போதுதான் கண்ணில் பட்டது: 'எக்ஸெப்ட்', அதன் கீழே 'பாஸ்'. எந்தப் பிழை வந்தாலும் பேசாமல் தாண்டிப் போ என்று அர்த்தம். பல திரெட் ஓடும்போது, முடியாமல் நிற்கும் அழைப்பை ஸ்ட்ரேஸ் இரண்டு வரியாக உடைத்து எழுதும்: முதலில் 'அன்ஃபினிஷ்ட்', பிறகு 'ரெஸ்யூம்ட்'. அவருடைய ஸ்கிரிப்டுக்கு அந்த வடிவம் தெரியாது. பிழை வரும், 'பாஸ்' விழுங்கிவிடும். அதிக நேரம் எடுப்பவைதான் அப்படி உடையும் என்பதால், தேடிய ஆளே கணக்கில் இல்லை.

இரண்டு வரியையும் அழித்தோம். ஸ்கிரிப்ட் உடனே பிழை காட்டி நின்றது. நின்ற இடத்தில் 'கனெக்ட்' அழைப்பு. இப்போது லேபில் இல்லாத ஒரு சேர்வரைத் தேடி, பதில் வராமல் 127 செக்கன் காத்திருந்திருக்கிறது.

பிழையின் வகையைக் குறிப்பிடாமல் இப்படிப் பிடிக்க வேண்டாம் என்று அதே பெப் 8 சொல்கிறது. நான் எழுத்தைத்தான் எண்ணினேன். ஏன் இது கண்ணில் படவில்லை என்றும் எனக்குத் தெரியும். கோப்புப் பாடத்துக்கு நான் எழுதிய நோட்ஸில் இதே இரண்டு வரி இருக்கிறது. பிள்ளை என்னிடம்தான் படித்தார். அதை அவரிடம் சொன்னேன். "பரவால்ல சேர்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்த நோட்ஸ் வட்ஸ்அப்பில் எத்தனையோ பாடசாலைக்குப் போயிருக்கிறது. வைத்திருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து அந்த உதாரணத்தை வெட்டிவிடுங்கள். திருத்திய பிரதியை இன்றிரவு போடுகிறேன்.