கஷாயமும் ஊசியும்

சீன மூலிகை ஊசிகளைப் பற்றிய ஆய்வுகளைப் படித்து மதிப்பிடுவது என் வேலையின் ஒரு பகுதி. அதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “நோய் குணமாகுதா?” நான் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் எடுப்பேன். குப்பிக்குள் என்ன இருக்கிறது, போன மாதக் குப்பியிலும் இந்த மாதக் குப்பியிலும் அது ஒன்றாகவே இருக்கிறதா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

நமக்குத் தெரிந்த நிலவேம்பையே எடுத்துக்கொள்வோம். கஷாயமாகக் குடித்தால் இரைப்பை, குடல், கல்லீரல் என்று ஒவ்வொரு காவலையும் தாண்டித்தான் அது இரத்தத்துக்குப் போகிறது. புரதம் வழியிலேயே செரித்துவிடும். டானின் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். அதே நிலவேம்பின் கசப்புச் சத்தைத் தண்ணீரில் கரையும்படி வேதிமாற்றம் செய்து சீனாவில் ஷீயன்பிங் என்ற ஊசியாக விற்கிறார்கள். அது எந்தக் காவலையும் சந்திப்பதில்லை. 2017 செப்டம்பரில், அந்த ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் கண்டதால், குறிப்பிட்ட சில பேட்ச்களைத் திரும்பப் பெறச் சீன அரசு உத்தரவிட்டது.

தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்தோம் என்ற அனுபவம் குடிப்பதற்கு மட்டுமே சான்று. ஊசிக்கு அவ்வளவு நீண்ட வரலாறு கிடையாது. முதல் சீன மூலிகை ஊசியான சைஹு, 1940-களின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், தாய்ஹாங் மலைப்பகுதியில் பிறந்தது. மருந்து வரும் வழிகள் அடைபட்டிருந்தன. காய்ச்சலில் கிடந்த படைவீரர்களுக்காக வேரைக் காய்ச்சி வடித்துக் குப்பியில் அடைத்தார்கள். அந்த நெருக்கடியில் அது செய்யத்தக்க காரியம்தான். நெருக்கடி தீர்ந்த பிறகும் அதே துணிச்சலோடு நூற்றுக்கும் மேற்பட்ட ஊசிகள் பெருகியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு மூலிகைச் சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். மண், மழை, பறித்த மாதம் எதுவானாலும் அவற்றின் அளவை மாற்றிவிடும். அதனால்தான் 2000-ஆம் ஆண்டிலேயே சீன மருந்து நிர்வாகம், இந்த ஊசிகளுக்கு ‘கைரேகை’ வரைபடம் தேவை என்றது. குரோமட்டோகிராஃபிக் கருவி தரும் மேடுபள்ளக் கோடு அது. ஒரு பேட்ச்சின் கோட்டை இன்னொன்றின் மேல் வைத்துப் பார்ப்பேன். பெரிய மேடுகள் ஒத்துப்போவதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் அடிவாரத்துச் சிறு புடைப்பாக இருக்கலாம், அல்லது அந்தக் கருவிக்கே தெரியாத புரதமாக இருக்கலாம். புரதம், டானின், பிசின், ஆக்சலேட், பொட்டாசியம் எனத் தனித்தனிச் சோதனைகள் இருப்பது அதனால்தான்.

கரைப்பானையும் மறக்கக் கூடாது. எண்ணெய்ச் சத்து தண்ணீரில் கரையாது. கரைப்பதற்குப் பாலிசார்பேட் 80 சேர்ப்பார்கள். ஒவ்வாமை அறிகுறிகளைக் கிளப்பும் ஹிஸ்டமினை உடலில் வெளிவிடச் செய்யும் குணம் அதற்கே உண்டு. அப்படி வரும் எதிர்வினைக்கு முன்பழக்கம் தேவையில்லை, முதல் ஊசியிலேயே வரலாம். தோலில் சோதித்துப் பார்த்ததை நம்பியும் இருக்க முடியாது. 2003-இல் சார்ஸ் பரவியபோது பெரிதும் நம்பப்பட்ட யூஷிங்சாவ் என்ற மூலிகை ஊசி, மரணங்களுக்குப் பிறகு 2006 ஜூனில் நிறுத்திவைக்கப்பட்டது. காரணம் மூலிகையா, கரைப்பானா என்ற விவாதம் அதன் பிறகும் நீண்டது. நோயாளியின் உடம்புக்குள் இரண்டும் சேர்ந்தேதான் போகின்றன. ஆகவே மதிப்பீடும் முழுக் குப்பிக்குத்தான்.

குப்பியின் பயணமும் அந்த மதிப்பீட்டில் அடங்கும். 2008 அக்டோபரில் யுன்னானில் ட்ஸ்ஊஜியா என்ற மூலிகை ஊசி போட்டுக்கொண்ட மூவர் இறந்தார்கள். மழையில் நனைந்து கிருமி புகுந்த சரக்கு, லேபிள் மாற்றி விற்கப்பட்டது விசாரணையில் தெரியவந்தது. சாறு எவ்வளவு நல்லதாக இருந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

பக்கவிளைவுப் புகார்களைப் படிக்கும்போது நான் தேடுவது வகுக்கும் எண்ணை. நூறு பேருக்கு ஒவ்வாமை என்றால், எத்தனை பேர் போட்டுக்கொண்டதில் நூறு? தான்ஹோங் என்ற ஊசிக்கு 30,888 நோயாளிகளைப் பின்தொடர்ந்து பதிவு செய்தார்கள், ஆயிரத்துக்கு 3.5 என்ற விகிதம் கிடைத்தது. இப்படிப்பட்ட எண்ணை வைத்துத்தான் பேச முடியும். மாறாக, 60 பேரிடம் சோதித்து “பக்கவிளைவு எதுவும் இல்லை” என்று எழுதும் கட்டுரையிலிருந்து, ஆபத்து இருபதில் ஒன்றைத் தாண்டாது என்று மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். பூஜ்யத்தைக் கண்டால் மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எங்கள் தொழிலில் முதலில் கற்றுத்தரும் கணக்கு அது.

இனி, குணமாகிறதா என்ற கேள்வி. பல சீன ஆய்வுகள் ‘மொத்தப் பயன் விகிதம்’ என்று ஒன்றைத் தருகின்றன. முழுக்கக் குணமானவர், நன்றாகத் தேறியவர், கொஞ்சம் தேறியவர் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு 90 சதவீதம் என்பார்கள். சளிக்காய்ச்சலில் ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்த எண் வந்துவிடும். 2009-இல் ‘ட்ரயல்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்ததாக எழுதியிருந்த 2,235 சீன ஆய்வுகளின் ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்து, எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டார்கள். முறைப்படி செய்திருந்தவை 207. அந்த 2,235-இல் நவீன மருத்துவ ஆய்வுகளும் அடக்கம் என்பதால் மூலிகையை மட்டும் குறை சொல்ல இடமில்லை. கேட்டவர்களும் சீன ஆய்வாளர்களே. அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

முறையாகச் சோதிக்க முடியாது என்ற சாக்கும் இனி செல்லாது. ஐந்து மூலிகைகளால் ஆன ஷுவேபிஜிங் ஊசியை, செப்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான தொற்றுநிலை கண்ட 1,817 பேரிடம், 45 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், மருந்தில்லாத பிளசிபோவோடு ஒப்பிட்டார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் ஊசி பெற்றோரில் 18.8 சதவீதம், மற்றவர்களில் 26.1 சதவீதம். முடிவு 2023-இல் வெளியானது. பதினான்கு பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைக்கும் என்று இதற்குப் பொருள். செப்சிஸில் இது மிகப் பெரிய பலன். அதனாலேயே சீனாவுக்கு வெளியே, வேறு கைகளில், இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பேன். அங்கும் இதே விடை வந்தால் மனமார ஏற்பேன்.

சாகக் கிடப்பவருக்கு ஆயிரத்தில் மூன்று பேருக்கு வரும் ஒவ்வாமை பெரிதல்ல. குழந்தையின் சளிக்காய்ச்சலுக்கு அது மிக மிகப் பெரிது. 2018-இல் சைஹு ஊசியைக் குழந்தைகளுக்குப் போடக் கூடாது என்றும், ஷுவாங்ஹுவாங்லியன் என்ற இன்னொரு மூலிகை ஊசியை நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் போடக் கூடாது என்றும் சீன அரசே லேபிளை மாற்றியது. மிகச் சரியான முடிவு, வெகு தாமதமாக வந்தது.

நம் பிள்ளைகள் பலர் சீனாவில் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாதாரணக் காய்ச்சலுக்கு மருத்துவர் இத்தகைய ஊசியை எழுதினால், வாயால் சாப்பிடும் மருந்து போதாதா என்று கேளுங்கள். போட்டே ஆக வேண்டிய நோயென்றால் வேறு மருந்து கலக்காமல் தனியாக, மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். முதல் 30 நிமிடம் நோயாளியின் பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.