எலும்பு சொன்னதை ஏடு ஏற்காது

இந்த மடலை எழுதும் மடல்காரரை இந்த வாரம் படுத்தி எடுத்தது ஓர் இடது கால் கட்டைவிரல்.

டல்லாஸ் புறநகரில் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்தபடி ஒரு மருத்துவமனையின் சார்ட்டுகளுக்கு மெடிக்கல் கோடிங் செய்வதுதான், அதாவது நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றுவதுதான் அவருக்குச் சோறு போடும் வேலை. யாருடைய விரல் என்பதை வெளியே சொல்ல 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் விடாது. விரலின் கதையை மட்டும் சொல்லலாம். சர்க்கரை நோயாளி. பாதத்துப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தால் எலும்பில் தட்டுகிறது. எம்ஆர்ஐயும் எலும்பில் தொற்று என்றது. விரலை எடுத்துவிட்டார்கள். எடுத்த எலும்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பேதாலஜிஸ்ட், செத்த எலும்புத் துண்டுகள் இருப்பதைக் குறிப்பிட்டு, 'க்ரானிக் ஆஸ்டியோமைலிட்டிஸ்', அதாவது நாள்பட்ட எலும்புத் தொற்று என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதினார். அறுவை மருத்துவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ 'ஆஸ்டியோமைலிட்டிஸ்' என்ற ஒற்றைச் சொல்தான். க்ரானிக் என்பதைக் காணோம்.

அதனால் என்ன என்று நம்மூர்க்காரர் கேட்பார். அமெரிக்காவில் அதுதான் எல்லாம். 2015 அக்டோபர் 1 முதல் இங்கே புழங்கும் ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீட்டுப் புத்தகத்தில் இடது பாதத்தின் நாள்பட்ட எலும்புத் தொற்றுக்குப் பொதுவாகப் போடுவது எம்86.672. வலது கால் என்றால் கடைசி எண் 1. புதிதாக வந்த தொற்று என்றால் எம்86.172. மருத்துவர் புதிதென்றும் சொல்லாமல் பழையதென்றும் சொல்லாமல் விட்டால் மிஞ்சுவது எம்86.9. எந்தக் கால், எவ்வளவு காலம் என்று எதுவுமே அந்தக் குறியீட்டில் தெரியாது.

இனி மடல்காரரின் எரிச்சலுக்கு வருவோம். படுக்கையில் சேர்க்கப்பட்ட நோயாளிக்கு, சிகிச்சை தரும் மருத்துவர் எழுதியதுதான் நோய். பேதாலஜிஸ்ட் எம்.டி. பட்டம் பெற்றவராக இருக்கலாம், எலும்பையே கையில் வைத்துப் பார்த்தவராக இருக்கலாம். அவர் அறிக்கையை மட்டும் நம்பிக் குறியீடு போடக் கூடாது. ஆனால் புண் எவ்வளவு ஆழம் என்பதை நர்ஸ் எழுதிய குறிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இடதா வலதா என்பதையும் அப்படியே. அதே நோயாளி புறநோயாளியாக வந்திருந்தால் பேதாலஜிஸ்ட் அறிக்கை செல்லும், அவரும் மருத்துவர்தானே என்பார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. உள்நோயாளியின் டிஸ்சார்ஜில் மருத்துவர் 'இருக்கலாம்' என்று சந்தேகமாக எழுதினாலும் நோய் இருப்பதாகவே குறியீடு போடலாம்; புறநோயாளிக்கு அது கூடாது. ஆக, வார்டுக்குள் மருத்துவரின் சந்தேகத்துக்கு இருக்கும் மரியாதை, லேப் கண்டெடுத்த உறுதிக்குக் கிடையாது. பேதாலஜிஸ்ட் துண்டைத்தான் பார்க்கிறார், ஆளைப் பார்ப்பதில்லை, முடிவு சொல்லவேண்டியவர் ஆளைப் பார்த்தவர் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள். சரிதான் என்று வைத்துக்கொண்டாலும், ஆளைப் பார்த்தவர் ஒரு சொல் எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

வேறு வழியில்லாமல் மடல்காரர் மருத்துவருக்கு விளக்கம் கேட்டு 'க்வெரி' அனுப்பினார். அதற்கும் இலக்கணம் உண்டு. புண்ணின் வயது, எம்ஆர்ஐ, பேதாலஜி முடிவு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, புதியதா, நாள்பட்டதா, வேறா, தீர்மானிக்க முடியவில்லையா என்று கேட்கவேண்டும். பதிலை வாயில் ஊட்டக் கூடாது. பணத்தின் வாடையே அடிக்கக் கூடாது. மறுநாள் பதில் வந்தது: 'பார்த்தேன்.' இரண்டாம் முறை நினைவூட்டிய பிறகுதான் 'க்ரானிக்' கிடைத்தது.

அந்தச் சொல்லுக்கு விலை இருக்கிறது. வழக்கமான மருந்துக்கும் அறுவைக்கும் மசியாத நாள்பட்ட எலும்புத் தொற்றுக்கு, அழுத்த அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சைக்கு அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தரும். 'நாள்பட்ட' என்று ஏட்டில் இல்லாவிட்டால் கோரிக்கை வாசலிலேயே நிற்கும். விசித்திரம் பாருங்கள்: நோய்க் குறியீட்டில் கணுக்கால் முதல் விரல் நுனி வரை ஒரே இடம், அறுவை மருத்துவரின் பில்லிலோ ஒவ்வொரு விரலுக்கும் தனி அடையாளம். இடது கட்டைவிரல் டிஏ, மற்றவை டி1 முதல் டி4. வலது பக்கம் டி5-இல் தொடங்கி டி9 வரை.

இப்படித் திட்டிக்கொண்டிருக்கும்போதே மடல்காரருக்குக் கொஞ்சம் கர்வமும் தலைதூக்கும். உணர்ச்சி இழந்த பாதத்தைப் பற்றி அமெரிக்காவுக்குப் பாடம் எடுத்தவர்களில் முதன்மையானவர் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர், 1966-இல் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். புண் ஆறாததற்கு உடம்பைக் குற்றம் சொல்லாதே, வலி தெரியாமல் அதே இடத்தில் மிதித்துக்கொண்டே இருப்பதைப் பார் என்பது அவர் கட்சி. பாதத்தோடு ஒட்டினாற்போல் போடும் மாவுக்கட்டைச் சர்க்கரைப் புண்ணுக்கு இங்கே பரப்பியதில் கார்விலுக்குப் பெரும் பங்கு. இன்று அந்தக் கட்டுக்கும் ஒரு பில் எண் இருக்கிறது: 29445. அதைத் தட்டும்போதெல்லாம் மடல்காரருக்கு வேலூர் வெயில் ஞாபகம் வந்துவிடும்.

அமெரிக்காவின் எத்தனையோ சார்ட்டுகள் சென்னையில் கோட் ஆகின்றன என்பதும் ஊரறிந்த சேதி. விலங்கியலும் ஃபார்மசியும் படித்த பிள்ளைகள் ஓஎம்ஆரில் உட்கார்ந்து பார்த்தறியாத கால்களைப் படிக்கிறார்கள். பெருங்குடியில் இருக்கும் பழைய தோழியிடம் புலம்பியபோது, "அக்கா, உங்களுக்கு க்வெரி போட நேரமாவது இருக்கு. எங்களுக்கு ப்ரொடக்‌ஷன் டார்கெட்" என்றாள்.

நம்மூரில் ஃபைலை நோயாளியே மஞ்சள் பையில் சுமக்கிறார். டாக்டர் காலைப் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தைப் பார்ப்பார். மடல்காரருக்கு அதுதான் பிடித்திருக்கிறது, யார் என்ன சொன்னாலும். ஆனால் அந்தப் பையில் இருக்கும் தாள் சரியாக இருக்கவேண்டும். விரலை எடுத்த பிறகு வெட்டிய விளிம்பில் தொற்று மிச்சம் இருந்தால் மூன்று வாரம் வரை மருந்து, எலும்பை எடுக்காமலே குணப்படுத்தப் பார்த்தால் ஆறு வாரம் என்று சர்க்கரை நோயாளிகளின் பாதத் தொற்றுக்கான 2023-இன் சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. விளிம்பு எப்படி இருந்தது என்று எழுதாவிட்டால் அடுத்த டாக்டர் ஊகத்தில்தான் மருந்து கொடுக்கவேண்டும்.

ஆகவே, அப்பா அம்மாவின் காலில் இருக்கும் ஆறாத புண்ணுக்காக ஆஸ்பத்திரிக்கு நடக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் பில்லுக்கு முன்னால் அதைப் படியுங்கள். எந்தக் கால், எந்த விரல், எத்தனை மாதமாக, எந்தக் கிருமி, எந்த மருந்து எத்தனை நாளைக்கு, விளிம்பு சுத்தமா. ஒன்று விட்டுப்போயிருந்தாலும் வார்டை விட்டு இறங்குமுன் டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.