மடை திறக்குமுன்

வேகத்தை விரும்பாத இளைஞர் உலகில் அரியர். மாட்டுவண்டியே ஊர்தியாயிருந்த நம் பாட்டனார் காலத்திலும், காளைக்குப் பருத்திக்கொட்டை ஊட்டி வளர்த்து, அடுத்த ஊரார் வண்டியை முந்திவிட முயன்றோர் உண்டு. அவ்வாசை இப்பொழுது காளையை விட்டு மோட்டார் இயந்திரத்திற் குடிபுகுந்திருக்கின்றது. அதன் வாய்ப்பட்டு யானும் என் தமையனாரும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. இயற்பியல் பயில்வோர்க்கும் பயிலாதார்க்கும் அது ஒருவாறு பயன்படக்கூடுமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தேன்.

திருவையாற்றை அடுத்த ஒரு சிற்றூர் எம்முடையது. தந்தையார் நெல்லும் வாழையும் பயிரிடுபவர். தமையனார் சில ஆண்டுகளுக்கு முன் டர்போ பொருத்திய டீசல் மோட்டார் ஒன்றை இரண்டாங் கையாக வாங்கினார். அது முன்னரே 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எனினும் நன்றாகவே ஓடிற்று. அந்நன்மையோடு அமையாது, அதன் சக்தியைப் பெருக்க வேண்டுமென்று அவரைத் தூண்டியவன் யானே.

டர்போ என்பது இன்னதென்று முதலிற் கூறுதல் முறையாகும். கொல்லன் உலையில் துருத்தி செய்யும் தொழிலையே அது இயந்திரத்திற் செய்கின்றது. உருளையில் எரிந்து வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழலும். அச்சக்கரத்தின் அச்சிலேயே மறுமுனையிற் பொருத்தப்பட்ட மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை வாங்கி, அமுக்கி, உருளைக்குள் செலுத்தும். காற்று மிகுந்தால் மிகுதியான எண்ணெயை எரிக்கலாம். எரிவது மிகுந்தால் சக்தியும் மிகும். வீணே போகும் புகையைக்கொண்டே சக்தியைப் பெருக்கும் இவ்வழிக்கு, சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூகி என்பார் 1905-இல் உரிமைப் பதிவு பெற்றார். 1918-இல் அமெரிக்காவில், 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்தின் மீது, காற்று மெலிந்த இடத்திலும் விமான இயந்திரம் தன் முழுச் சக்தியையும் தருமாறு இதனைக்கொண்டு சோதித்துக் காட்டினர். 1962-இல் இது விற்பனை மோட்டார்களிலும் இடம்பெற்றது. இக்காலத்துச் சிறு மோட்டாரின் டர்போ நிமிஷத்திற்கு 2,00,000 சுற்றளவும் சுழலவல்லது.

இவையனைத்தையும் நூல்களிற் படித்திருந்த யான், "அண்ணா, ஒரு சிறு பெட்டி வாங்கிப் பொருத்தினாற் போதும், நூற்றுக்கு இருபது பங்கு சக்தி கூடும்" என்றேன். அவரும் இசைந்தார். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அரைமணி நேரத்திற் பெட்டி பொருத்தப்பட்டது. அப்பெட்டியின் தொழில் பொய் சொல்வதேயாம். டீசல் எத்துணை அழுத்தத்தில் நிற்கின்றது என்பதை அளந்து சொல்லும் உணர்கருவிக்கும், இயந்திரத்தை ஆளும் கணினிக்கும் இடையே அது அமர்ந்து, உள்ளதைக் குறைத்துக் கூறும். கணினி அதனை நம்பி அழுத்தத்தை உயர்த்தும். டீசல் மிகுதியாகப் பாயும். வீடு திரும்பும் வழியெல்லாம் வண்டி அம்பெனப் பறந்தது. பின்னே கரும்புகை எழுந்ததைக் கண்ணாடியிற் கண்டும் நாங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு திங்கள் சென்றன. ஆடி மாதத்து ஓர் இரவில், தலைப்பிரசவத்திற்கு வந்திருந்த எங்கள் தமக்கையாருக்கு நோவு கண்டது. அவரையும் தாயாரையும் ஏற்றிக்கொண்டு தஞ்சைக்கு விரைந்தோம். திருவையாற்றிலிருந்து தஞ்சை செல்வோர் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்னும் ஐந்து ஆறுகளையும் கடத்தல் வேண்டும். காவிரியைக் கடந்தோம். குடமுருட்டிப் பாலத்தை நோக்கி ஏறுகையில், தமையனார் காலை அழுத்த அழுத்த இயந்திரம் வீறிட்டது, சக்கரங்களோ தளர்ந்தன. கருகிய நாற்றம் எழுந்தது. வண்டி நின்றுவிட்டது. இயந்திரம் மட்டும் தன் முழுச் சக்தியோடும் முழங்கிக்கொண்டிருந்தது.

அக்கணத்தில் யான் அடைந்த வேதனை எழுத்தில் அடங்காது. தமக்கையாரின் முனகலும், "ஆண்டவரே, ஆண்டவரே" என்ற தாயாரின் குரலும் கேட்க, இருளிற் கைகாட்டி நின்றேன். சந்தைக்கு வாழையிலைக் கட்டுகளை ஏற்றிச் சென்ற சிறு சரக்கு வண்டி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநர் ஒரு சொல்லும் வினவாது பாதிக் கட்டுகளைச் சாலையோரத்தில் இறக்கி வைத்து, இலைகளின் மீதே தமக்கையாரைக் கிடத்தச் செய்து, எஞ்சிய நான்கு ஆறுகளையும் நிதானமாகக் கடந்து ஆஸ்பத்திரி வாயிலில் விட்டார். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். அவ்வண்டியின் சக்தி எங்கள் வண்டியின் சக்தியிற் பாதியும் இராது.

மறுநாள் தஞ்சையில் ஒரு முதிய மெக்கானிக் எங்கள் வண்டியைப் பிரித்தார். தேய்ந்திருந்த கிளட்ச் முற்றும் எரிந்துபோயிருந்தது. "தம்பி, இயந்திரம் கொடுத்ததைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பது இதுதானே? இதைப் பாராமல் அதை ஏற்றினீர்களே!" என்றார். பின்னர் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். காற்று வடிகட்டி அறுவடைக் காலத்து வைக்கோல் தூசியால் அடைபட்டிருந்தது. அமுக்கிய காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இடுக்குகளிற் சேறும் பூச்சிகளும். காற்றுக்கு வழியில்லாத இடத்தில் நாங்கள் டீசலை மட்டும் பெருக்கியிருந்தோம். ஒரு பங்கு டீசல் எரிவதற்கு எடையில் ஏறக்குறைய பதினான்கரைப் பங்கு காற்று வேண்டும். புகையின்றி எரிய அதனினும் மிகுதி வேண்டும். அது கிட்டாத டீசலே கரும்புகையாயிற்று. அதனால் விளைந்த மிகுவெப்பம் டர்போவையும் தின்னத் தொடங்கியிருந்தது.

சக்தியைப் பெருக்குதல் தவறன்று, முறையுண்டு என்றார் அவர். பந்தய மோட்டார் அமைப்போர் காற்றின் வழியையே முதலிற் செப்பஞ் செய்வர். 35 பாகை வெப்பமுள்ள நம் நாட்டுக் காற்றை இருமடங்கு அழுத்தத்திற்கு அமுக்கினால், அதன் வெப்பம் 100 பாகையைக் கடந்துவிடும். சூடேறிய காற்று அடர்த்தி குன்றும். ஆதலால் பெரிய இன்டர்கூலர் வேண்டும். பின் புகை வெளியேறும் வழி அகல வேண்டும். கிளட்ச் வலுப்பெற வேண்டும். பெரிய டர்போவோ, சுழலத் தொடங்கக் காலந்தாழ்த்தும். அதனையும் கணக்கிடல் வேண்டும். கணினியின் கணக்கை மாற்றுதல் இவற்றுக்கெல்லாம் பின்னரே. அதன் பின்னும் டைனோ என்னும் அளவைப் பொறியில் ஏற்றி, புகையின் வெப்பத்தைப் பார்த்துப் பார்த்தே சக்தியை உயர்த்துவர். ஆக்கியோரும் இவ்வழியே செல்வர். இந்திய வீதிகளிற் பல்லாண்டு ஓடிய 1,248 கன சென்டிமீட்டர் டீசல் இயந்திரம் ஒன்று 75 குதிரைத்திறனிலும் 90 குதிரைத்திறனிலும் வெளிவந்தது. சக்தி மிகுந்த வகைக்கு, இதழ்களைத் திருப்பிப் புகையின் வழியை அகட்டியும் ஒடுக்கியும் ஆளும் வேறு டர்போவையே அவர்கள் பொருத்தினர்.

மாலையில் தந்தையார் வந்தார். மோட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் அறியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாய்க்காலைத் தூர் வாராமல் எவனாவது மடையைத் திறப்பானா?" என்று மட்டும் கூறினார்.

அச்சொல் என் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது முதல், ஜூன் 12-ஆம் நாளே நீர் விடுதற்குரிய நாளென வழங்கி வருகின்றது. அதற்கு முன் வாய்க்கால்களைத் தூர் வாரிக் கரைகளை உயர்த்துதல் இந்நாட்டு வழக்கம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு ஆகியவற்றுக்கு அளந்து விட்டு, மிகுந்த வெள்ளத்தைக் கொள்ளிடத்திற் கழித்துவிடுகின்றனர். டர்போவிலும் இத்தகைய கொள்ளிடம் ஒன்றுண்டு. அழுத்தம் எல்லை கடக்குமாயின் வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு திறந்து, புகையைச் சக்கரத்தின் மேற்செல்லாமல் வேறு வழியிற் கழித்துவிடும். கழிக்கும் வழியும் வலுவுடையதாய் இருத்தல் வேண்டும். 1836-இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, கொள்ளிடத்து மதகுகளுள் ஒன்பது வெள்ளத்திற்கு ஆற்றாது வீழ்ந்ததை நாம் அறிவோம். புதிய திராட்சரசத்தைப் பழந்துருத்தியில் வார்த்தவனைப் பற்றிய நற்செய்தி உவமையைச் சிறுவயது முதற் கேட்டிருந்தும், எங்கள் வண்டியே அப்பழந்துருத்தி என்பது எனக்குத் தோன்றாமற் போயிற்று.

பெட்டியைக் கழற்றினோம். கிளட்ச் புதிதாயிற்று; வடிகட்டியும் குழாயும் மாற்றப்பட்டன; இன்டர்கூலர் கழுவப்பட்டது. ஆக்கியோர் அமைத்த கணக்கிலேயே வண்டியை ஓட்டிப் பார்த்தோம். வாங்கிய நாளிலும் அது அவ்வளவு சுறுசுறுப்பாக ஓடியதில்லை. அடைபட்டுக் கிடந்த சக்தியே எங்களுக்குப் போதுமானதாயிருந்தது. அதற்கு மேலும் வேண்டுவோர்க்குக் கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயக் களங்கள் உள்ளன. பொது வீதியில் ஓடும் வண்டியை, ஆக்கியோர் வகுத்த விவரங்களுக்கு மாறாகத் திருத்துதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வாழையிலை வண்டிக்காரருக்கு இலையின் விலையைக் கொடுக்கச் சென்றபோது, அவர் வாங்க மறுத்துக் குழந்தையின் பெயரை மட்டும் கேட்டறிந்தார். அக்குழந்தை இப்பொழுது எங்கள் வீட்டு முற்றத்தில் ஓடியாடுகின்றது. ஆண்டுதோறும் வைகாசியில் தந்தையார் மண்வெட்டியுடன் வாய்க்காலுக்குப் புறப்படும் நாளில், தமையனார் மோட்டாரின் மூடியைத் திறந்து காற்று வடிகட்டியைக் கழற்றுகின்றார். யான் விளக்குப் பிடிக்கின்றேன்.