கிற்றாருடன் பிறந்த நத்தார்க் கீதம்

கிற்றார் பயிலும் இளைஞன் ஒருவன் நத்தார் நெருங்கியதும் முதலில் நாடுவது பெரும்பாலும் 'சைலன்ற் நைற்' என்னும் கீதத்தையே. டீ, ஜீ, ஏ-செவன் என மூன்று கோட்டுகள் போதும் என்பர், அது உண்மையே. ஆயினும், அவற்றைக் கற்றபின்னரே கீதம் அவனைச் சோதிக்கத் தொடங்குகிறது. நள்ளிரவு ஆராதனையிற் பாடகர் குழு அவன் கையை நம்பியல்லவா நிற்கப்போகிறது!

ஆறு-எட்டு என்னும் தாளத்தில் அமைந்த தாலாட்டு இது. பெருவிரல் தடித்த தந்தியை மீட்ட, ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வருடிச் செல்லல் வேண்டும். டீ கோட்டுக்கு நான்காம் தந்தியும், ஏ-செவனுக்கு ஐந்தாம் தந்தியும் அழுத்தாமலே அடிச்சுரம் தருகின்றன. இடர் விளைவது ஜீயிலே. ஆறாம் தந்தியின் மூன்றாவது பிறெற்றுக்கு (வீணையாயின் மெட்டு என்பர்) விரல் தாவவேண்டும். அக்கணத் தயக்கத்தில் தொட்டில் நின்றுவிடுகிறது.

இக்கீதம் கிற்றாருக்கெனப் பின்னர் மாற்றப்பட்டதன்று. யோசேப் மோர் என்னும் இளங்குருவானவர் 1816 இல் இயற்றிய கவிதைக்கு, 1818 டிசம்பர் 24 அன்று, பள்ளியாசிரியரும் ஓர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் சேவர் குறூபர் இசையமைத்தார். அன்றிரவே ஒஸ்திரியாவின் ஓபேண்டோர்வ் தேவாலயத்தில் மோர் கிற்றார் மீட்டி உயர்குரலிலும், குறூபர் தாழ்குரலிலும் பாடினர். சால்சாக் நதி 1816 இல் எல்லையாக்கப்பட்டமையால், எதிர்க்கரையிலுள்ள லாவ்பன் நகரிலிருந்து பிரிக்கப்பட்டிருந்த ஊர் அது. எலிகள் ஓர்கனைக் கெடுத்தமையாலேயே கிற்றார் எடுக்கப்பட்டதென்பது சுவையான கதை. குறூபர் 1854 இல் எழுதிய குறிப்பில் அதற்கு இடமில்லை. 1995 இல் வெளிப்பட்ட மோரின் கைப்பிரதியிலோ கிற்றாருக்குரிய சுரங்கள் தெளிவாக உள்ளன.

ஊர் ஊராகப் பாடித்திரிந்த திரோல் நாட்டுப் பாடகர் வாயில் மெட்டின் சில சுரங்கள் மாறின. அதனால் பழம்பிரதியைப் பார்த்து மீட்டும் இளைஞன், தன் காதுக்குப் பழகியதும் கண் காண்பதும் முரண்படத் திகைக்கிறான். குழு எதைப் பாடுமோ அதையே அவன் மீட்டல் தகும். பாடுவோரைத் தாங்கவே மோரும் கிற்றாரை ஏந்தினார்.

தனியே இருக்கும்போது அவன் மெட்டையும் வாசித்துப் பார்க்கலாம். டீ சுருதியில் அது முதலாம் தந்தியின் மூன்றாவது பிறெற் வரை ஏறி, படிப்படியாக இறங்கி, நான்காம் தந்தியில் வந்து அடங்குகிறது. அந்த இறுதிச் சுரத்துக்கு இடக்கை எதனையும் அழுத்தவேண்டியதில்லை.