பத்மநாபபுரம் அரண்மனைக்கு அம்மாவோடு ஒரு நாள்

அரையாண்டு விடுமுறைக்குப் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஆறாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் இருந்தால் கையிலிருந்து செல்போன் இறங்காது என்பதால், ஒருநாள் காரில் பத்மநாபபுரம் போய் வரலாம் என்று மகன் சொன்னான். அம்மாவையும் கூட்டிக்கொண்டோம். அம்மாவுக்கு 86 வயது. பிறந்து வளர்ந்தது கல்குளம் வட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்துக் கிராமம். அரண்மனைக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. தாத்தா பனையேறி. சிறுவயதில் அம்மா கருப்பட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் அம்மாவுடன் அந்தக் கோட்டைச் சுவரைக் கடந்துதான் சந்தைக்குப் போயிருக்கிறார்.

காலை ஆறரைக்குப் பாளையங்கோட்டையில் கிளம்பினோம். வள்ளியூர் தாண்டி முப்பந்தலில் காற்றாலைகளைப் பார்த்ததும் பேரன் எண்ண ஆரம்பித்து, நூறோடு விட்டுவிட்டான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் ஊரின் நிறமே மாறிவிடும். அதுவரை பொட்டல், அதன்பிறகு வாழையும் தென்னையும். நாகர்கோவிலில் காலை உணவு. தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவருடைய படைக்கே பயிற்சி கொடுத்து, அந்தக் கோட்டையில்தான் அடக்கமாகியிருக்கிறார். பேரனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

அரண்மனை இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும் அரண்மனை அவர்கள் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அவர்கள் நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். தூசி துரும்பு கிடையாது.

சுமார் 1600 வாக்கில் தொடங்கிய அரண்மனை இது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1750ஐ ஒட்டி மார்த்தாண்ட வர்மா விரிவாக்கியது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். பிறகுதான் திருவனந்தபுரம் தலைநகரமானது. அரண்மனை வளாகம் மட்டும் சுமார் ஆறரை ஏக்கர். கல் மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரமும் ஓடும்தான்.

பூமுகத்தில் நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல ஒன்று இல்லை என்கிறார்கள். மேலிருந்து தொங்கும் குதிரை விளக்கு, கருங்கல் கட்டில். குறுகலான படியில் ஏறினால் மந்திரசாலை. அரசர் ஆலோசனை நடத்திய இடம். தரை கறுப்பாக, முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று அங்கிருந்த ஊழியர் சொன்னார். சன்னல்களில் வண்ண அபிரகத் தகடுகள். வெளியே நல்ல வெயில், உள்ளே ஒரு சொட்டு வியர்வை இல்லை.

அம்மாவால் மாடி ஏற முடியவில்லை. அதனால் நானும் அம்மாவும் கீழேயே சுற்றினோம். ஊட்டுப்புரைக்கு வந்தோம். நீண்ட கூடம், வரிசையாகத் தூண்கள். இதே அளவில் மேலேயும் ஒரு தளம். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம். ஊறுகாய் வைத்த பெரிய சீனச் சாடிகள் இருந்தன. அம்மா ஒரு தூணோரம் தரையில் மெல்ல உட்கார்ந்தார். மகனும் பேரனும் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். "பெரியாச்சி, இங்க ஆயிரம் பேருக்கு ஃப்ரீ சாப்பாடாம்" என்றான் பேரன்.

"ஆருக்கு மக்களே?" என்று கேட்டார் அம்மா.

திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளில் இலவச உணவு பிராமணர்களுக்கு. நான் அதைச் சொன்னேன். அம்மா தலையாட்டிவிட்டு, தன் பாட்டி சொன்னதைப் பேரனிடம் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பாட்டி சிறுமியாக இருந்தபோது தன்னுடைய பாட்டியிடம் கேட்ட கதை அது. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் வழியை விட்டு விலகி நிற்க வேண்டும். பெண்கள் தோளில் சீலை போட்டால் சந்தையிலேயே கிழித்துவிடுவார்கள். "எனக்க பாட்டி இதை ஒரு தடவதான் சொன்னா. பிறகு சொல்லவே மாட்டா."

நான் வகுப்பில் நடத்திய பாடம்தான் இது. தோள்சீலைப் போராட்டம். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் கூடாது என்று 1859இல் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. கோயில்களுக்குள் எல்லா இந்துக்களும் நுழையலாம் என்ற அறிவிப்பு 1936 நவம்பர் 12. அம்மா பிறப்பதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்புதான். புத்தகத்தில் இவையெல்லாம் ஆளுக்கு ஒரு மதிப்பெண் கேள்விகள். அந்தக் கூடத்தில், அந்தத் தரையில், அம்மாவின் வாயிலிருந்து வந்தபோது யாரும் பேசவில்லை.

"இது ராஜாவுக்குத் தெரியாதா பெரியாச்சி?" என்று கேட்டான் பேரன்.

"ராஜாவுக்குத் தெரியாம நடக்குமா மக்களே?"

1859இல் அரசர் இருந்தது திருவனந்தபுரத்தில். ஆனால் வழக்கம் அதற்கும் மிக மூத்தது. இந்த அரண்மனையில் விளக்கு எரிந்த காலத்திலும் வெளியே நிலைமை அதுதான். அதையும் அவனுக்குச் சொன்னேன்.

அம்மா கோபமாகப் பேசவில்லை. தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்த ஆசாரிமாரோ! என்னா வேல செஞ்சிருக்கானுவ. அவனுவளுக்கு இங்க சோறு போட்டிருப்பாவளா?" என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தாலும் சொல்ல மனம் வரவில்லை.

நண்பர்களே, அரண்மனையை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த மர வேலைப்பாட்டை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும், மலையாளப் பிள்ளையும் பார்க்க வேண்டும். ஆனால் அறைக்கு அறை நிற்பவர்கள் ராஜாவின் கட்டில், ராஜாவின் வாள் என்றுதான் சொல்வார்கள். அது அவர்கள் வேலை. சுவருக்கு வெளியே நடந்தவர்களின் கதை நம் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளையும் அவர்களையும் சேர்த்து அழைத்துப் போங்கள். இரண்டையும் கேட்டால்தான் அது முழு வரலாறு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: திங்கள்கிழமை விடுமுறை. காலை 9 முதல் 1 வரை, பிற்பகல் 2 முதல் 4.30 வரை அனுமதி. செருப்பை வெளியே விட வேண்டும். மாடிப்படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பூமுகமும் ஊட்டுப்புரையும் பார்த்தாலே போதும். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கதைகள் இருக்கும். கமெண்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.